கணக்கை எங்கள் கோயில் வாசலில் வந்து வாசியுங்கள்

நிகழ்ச்சியை நடத்திய தொலைக்காட்சிக் குழுவினருக்கும், அன்று மேடையேறிய கலைஞர்களுக்கும் வணக்கம்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள், பள்ளி ஆசிரியை. வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட கடலோரக் குடும்பங்களுக்காக என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரை நீங்கள் நடத்திய நட்சத்திர நிதி திரட்டும் நிகழ்ச்சியை எங்கள் வீட்டில் முழுதாகப் பார்த்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அன்று அதுதான் ஓடியது. நம் பெயரைச் சொல்லி நடக்கிற நிகழ்ச்சியைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். முழங்கால் விட்டுப்போன பிறகு வீட்டோடு இருக்கிறார். எட்டரை மணி வாக்கில் திரையின் ஓரத்தில் கியூஆர் கோடு வந்தபோது என் மகனைக் கூப்பிட்டார். சுருக்குப்பையிலிருந்து நான்காக மடித்த 100 ரூபாய்த் தாளை எடுத்து, "எனக்காக அதுல போட்டுடு ராசா" என்றார். அவன் என் போனை டிவிக்கு நேராகப் பிடிப்பதற்குள் கோடு மறைந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. இரண்டு இடைவேளை காத்திருந்து, மூன்றாவது முறைதான் பணம் போனது.

கொடுத்தவர்களின் பெயர், ஊர், தொகை திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்ததல்லவா? அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஒரு பெயரை முடிப்பதற்குள் நான்கு பெயர் ஓடிவிடும். அதனால் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். அவன் தூங்கி விழுந்த பிறகு தானே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கண் முழுக்க அந்த அடி வரியில்தான் இருந்தது. காலையில் நான், "பணம் என் போனிலிருந்து போனதால் என் பெயர்தான் வந்திருக்கும்" என்றேன். "அப்ப உன் பேரு வந்துச்சா?" என்று கேட்டார். அதுவும் வரவில்லை.

இதை நீங்கள் புகழாசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மொய் எழுதினால் நோட்டில் பெயர் ஏற வேண்டும், ஏறினால்தான் பணம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்த ரசீது அதுதான்.

மறுநாள் ஊரில் இந்தப் பேச்சுதான். வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா, "சினிமாக்காரன் ஆடினா ஜனம் காசு போடும், நாம ஆடினா போடுமா? வர்றது வரட்டும்" என்றார். பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், "அங்க வந்த ஒருத்தர் சம்பளத்துக்கு ஈடாகுமா அந்த மொத்த வசூல்? அவரே குடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றார். சிப்காட்டில் வேலை செய்யும் என் சித்தி மகனுக்குக் கோபமே வந்துவிட்டது. "எல்லாம் விளம்பரம்க்கா. நம்ம கஷ்டத்த வெச்சு அவங்க டிஆர்பி ஏத்திக்கிறாங்க." ஷேர் ஆட்டோவில் வந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இவர்களில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நடிகரே கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. அப்புறம், ஒரே ஆள் ஒரு கோடி கொடுப்பதும், ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கொடுப்பதும் தொகையில்தான் ஒன்று. ஒரு லட்சம் பேர் கொடுக்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக ஒரு லட்சம் வீட்டில் யாரோ ஒருவர் சுருக்குப்பையைத் திறந்திருக்கிறார்கள். அதைச் செய்ய வைத்தது உங்கள் நிகழ்ச்சிதான். அதற்காக நிஜமாகவே நன்றி சொல்கிறேன்.

எல்லாரும் சொன்னதைவிட என்னை நிறுத்தியது பக்கத்து வீட்டு அக்கா கேட்டதுதான். தண்ணீர் ஏறி அவர் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. இன்னும் தார்ப்பாய்தான் சுவர். "எனக்கு வருமாடி? யார்கிட்டப் போய்க் கேக்கணும்?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை மணி நேரமும் கொடுப்பவர்களுக்கான நம்பர் ஓடியது. வாங்க வேண்டியவர்களுக்கு ஒரு நம்பர்கூடக் காட்டப்படவில்லை. யார் தேர்ந்தெடுப்பார்கள், எந்த ஊர்களுக்கு, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் மாவட்டம் நிவாரணம் வாங்கிப் பழகிய மாவட்டம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2015 நவம்பரில் ஒரே நாள் மழையில் பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளோடு மனிதர்களும் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கடந்து, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதும் தென்பெண்ணை கரை தாண்டிக் கடலூர் ஊருக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். யாரும் வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் வந்ததெல்லாம் தேவைப்பட்டதா? சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. உடுத்த முடியாத துணியெல்லாம் சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் குப்பையாகப் போனது. பல கடலோர ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. வரிசையாக நிற்கும் புதுப் படகு போட்டோவில் நன்றாக இருக்கும். மீன் சுமந்து விற்ற எங்கள் அம்மாக்களுக்குப் படகு கிடையாது என்பதால், போனதற்குக் கணக்குக் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை. ஒரு அலுமினிய அன்னக்கூடை, ஒரு தராசு, ஏலம் எடுக்கக் கையில் கொஞ்சம் முதல், அவ்வளவுதான் அவர்கள் தொழில். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் ரொம்பக் குறைவு. தானேயில் மரம் போனவர்களுக்கும் இப்படித்தான். புதுக் கன்று வைத்து, அது காய்க்கிற வரை வருஷக்கணக்கில் சாப்பாட்டுக்கும் வட்டிக்கும் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கவலை. எந்தக் கேமராவாலும் அதைப் படம் பிடிக்க முடியாது.

இனி அந்தச் சிறுமியைப் பற்றி. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

பெயர் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன். நீங்கள் இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டீர்கள். ஒன்பது வயது இருக்கும். அப்பா இல்லை. புது பாவாடை சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, மேடைக்கு அழைத்து வந்தீர்கள். ஒரு நடிகர் முட்டி போட்டு உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அதில் கபடம் இல்லை, அவர் கண் நிஜமாகவே கலங்கியது. ஆனால் தொகுப்பாளர் கேட்ட கேள்வி என்ன? "அப்பா இல்லைன்னு நினைக்கும்போது எப்படி இருக்கும் பாப்பா?"

அவள் பதில் சொல்லவில்லை. பாவாடையின் ஓர ஜரிகையைச் சுண்டுவிரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பின்னணியில் வயலினை ஏற்றினீர்கள். கேமரா முகத்துக்குக் கிட்டே போனது. உதடு கோணி, அவள் அழத் தொடங்கிய நொடியில் திரையின் ஓரத்தில் கியூஆர் கோடு வந்தது. சரியாக அந்த நொடியில். என் மகன் போனைத் தூக்கினான். "வேண்டாம், வை" என்றேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. அப்புறம் இடைவேளை விட்டீர்கள்.

எனக்கு ஏன் அப்படி வலித்தது என்றால், அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். 2004-இல் நான் ஆறாம் வகுப்பு. கடல் என் தம்பியைக் கொண்டுபோனது. எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் வந்து பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடப் பை கொடுத்தார்கள். நீல நிறப் பை, நடுவில் அவர்கள் அமைப்பின் பெயர். வரிசையாக நிறுத்தி, பையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். நான் பிடித்திருந்த விதத்தில் என் கை அந்தப் பெயரை மறைத்துவிட்டது போலிருக்கிறது. ஒருவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தி வைத்தார். அதட்டவில்லை, முரட்டுத்தனமாகவும் செய்யவில்லை. கடை பொம்மைக்குச் சேலை சரிசெய்கிற மாதிரி செய்தார். இருபது வருஷம் தாண்டியும் அந்த விரல் நகர்த்தல் எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பையை நான் ஒன்பதாம் வகுப்பு வரை தூக்கினேன் என்பதும் உண்மை. வார் அறுந்தபோது அம்மா வலை நூலால் தைத்துக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் துணிக்கடைப் பையில்தான் புத்தகம் கொண்டுபோயிருப்பேன். அதனால்தான் சித்தி மகன் "எல்லாம் விளம்பரம்" என்று சொன்னபோது என்னால் சேர்ந்து தலையாட்ட முடியவில்லை. பையும் நிஜம், என் விரலை நகர்த்தியதும் நிஜம்.

அந்தச் சிறுமி எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில்தான் படிக்கிறாள். திங்கட்கிழமை அவளை வகுப்பில் "டிவி பொண்ணு" என்று கூப்பிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை ஒருவன் வயலின் மாதிரி வாயால் ஒலி எழுப்பினானாம். அவளுடைய ஆசிரியை என் தோழி, அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, அவர்கள் பார்த்ததைச் செய்கிறார்கள். அந்தக் காட்சித் துணுக்கோ இன்னும் உங்கள் யூடியூப் பக்கத்தில் இருக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகும்போதும் இருக்கும்.

இது எங்கள் ஊரில் மட்டும் எழுந்த வருத்தம் இல்லை. அமெரிக்காவில் ஜெர்ரி லூயிஸ் என்ற நகைச்சுவை நடிகர் 1966 முதல் 2010 வரை ஆண்டுதோறும் தசைச் சிதைவு நோய் உள்ளவர்களுக்காக, மணிக்கணக்கில் நீளும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி ஏராளமான பணம் திரட்டினார். சக்கர நாற்காலியில் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவருவார்கள், 'ஜெர்ரியின் பிள்ளைகள்' என்று அவர்களுக்குப் பெயர். 1990-களின் தொடக்கத்தில், சிறுவயதில் அந்த நிதி திரட்டலுக்கு முகமாக இருந்தவர்களே வளர்ந்து பெரியவர்களாகி அதை எதிர்த்து நின்றார்கள். தங்களுக்கு 'ஜெர்ரியின் அநாதைகள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எங்களைப் பரிதாபப் பொருளாகக் காட்டினால் நாளைக்கு யார் எங்களுக்கு வேலை கொடுப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. காசு வாங்கியதை அவர்கள் மறுக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு என் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியில் 1988-இலிருந்து நடக்கும் 'ரெட் நோஸ் டே'யிலும் இதே சிக்கல் வந்தது. அங்கே நகைச்சுவைக் கலைஞர்கள் கூடிச் சிரிக்க வைத்துப் பணம் திரட்டுவார்கள். நடுநடுவே பிரபலங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய் எடுத்த படங்கள் வரும். 2019-இல் ஒரு தொகுப்பாளர் உகாண்டாவில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்து எடுத்த போட்டோவைப் பார்த்து பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி வெளிப்படையாகக் கண்டித்தார். பெரிய சண்டையே நடந்தது. ஆனால் 2020-இல் அந்த நிகழ்ச்சியை நடத்தும் அமைப்பு, இனிப் பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுக்கமாட்டோம், அந்தந்த ஊர்க் கலைஞர்களையே அவர்கள் கதையைச் சொல்லச் சொல்வோம் என்று அறிவித்தது. நிகழ்ச்சி நின்றுவிடவில்லை. அவர்களால் மாற முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். எங்கள் மாவட்டத்து வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பந்தியில் உட்காருகிறவரை நீ யார், என்ன கஷ்டம், அழுதுகாட்டு என்று யாரும் கேட்பதில்லை. இலை போடுவார்கள், சோறு போடுவார்கள்.

அடுத்தது பணம். மகன் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது போனில் வந்த பெயர் உங்கள் தொலைக்காட்சியின் பெயர் இல்லை, நீங்கள் திரையில் சொன்ன அறக்கட்டளையின் பெயரும் இல்லை. ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். அது பணத்தைக் கைமாற்றிவிடும் நிறுவனமாக இருக்கலாம். அப்படி என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? இரவெல்லாம் ஓடிய விளம்பரங்களின் வருமானம் நிதியில் சேர்ந்ததா? மேடை, விளக்கு, ஓட்டல் செலவை யார் கொடுத்தது? கடைசியில் மின்பலகையில் காட்டிய தொகை கைக்கு வந்த பணமா, தருவதாகச் சொன்ன பணமா? இதையெல்லாம் நான் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். அவர்கள் மனதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறக்கட்டளை ஏற்பாட்டை முன்கூட்டியே சரியாகச் செய்யாததால், இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பணம் வரிச் சிக்கலில் மாட்டி வருஷக்கணக்கில் முடங்கியது. பசித்தவர்களுக்கு அந்த வருஷங்களில் அது எட்டவில்லை.

எங்கள் ஊரில் கணக்கு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மீனவர் பஞ்சாயத்தில் தலைக்கட்டு வரி போடுவார்கள். திருவிழா, மாசி மகம், யாருக்காவது ஆபத்து என்றால் அந்தப் பணத்திலிருந்துதான் செலவு. செலவு முடிந்ததும் அம்மன் கோயில் வாசலில் பாய் விரித்து, கணக்குப் பிள்ளை நீள நோட்டைப் பிரித்து மைக்கில் வாசிப்பார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு. முடிகிற வரை எழுந்து போகமாட்டார்கள். இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆண் இல்லாத வீட்டைத் தலைக்கட்டாக எண்ணாத ஊர்கள் உண்டு. சுனாமி நிவாரணத்தைப் பங்கு பிரித்தபோது விதவைகள் எத்தனையோ பேர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதும் இல்லை, ஓரமாக நின்றுதான் கேட்போம். ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்படி ஓரமாக நின்ற ஒரு பாட்டி, "கற்பூரத்துக்கு 40 ரூபா கூட எழுதியிருக்கே, எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டது நினைவிருக்கிறது. கூட்டம் சிரிக்கவில்லை. கணக்குப் பிள்ளை பக்கத்தைப் புரட்டி, கடைச் சீட்டை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தச் சிறுமியின் காட்சியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அவள் அம்மாவிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசுங்கள். அடுத்த முறை கஷ்டத்தைக் காட்ட வேண்டுமானால் விழுந்த சுவரைக் காட்டுங்கள், கிழிந்த வலையைக் காட்டுங்கள். பெரியவர்கள் சம்மதித்துப் பேசினால் பேசவிடுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம். பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும், அதை யாரும் தப்பு சொல்லவில்லை. வாங்க வேண்டியவர்கள் கூப்பிட ஒரு நம்பரை, கொடுப்பவர்கள் நம்பருக்குப் பக்கத்திலேயே ஓடவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா காத்திருக்கிறார்.

அப்புறம் கணக்கு. அதை இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அம்மாவுக்குப் பயனில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில், அதே தொகுப்பாளர்கள் உட்கார்ந்து வாசிக்கட்டும். எந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு, எதற்காக, எவ்வளவு என்று. விளம்பரமே வராவிட்டாலும் எங்கள் தெரு பார்க்கும்.

இன்னும் நல்லது, நேரில் வாருங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டியிருக்கும், தொழிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் ஊரில்தான் இருப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். மைக்கும் பாயும் கோயிலில் இருக்கிறது. அம்மாவால் தரையில் உட்கார முடியாது, அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி நான் கொண்டுவந்து போடுகிறேன். அன்றைக்கு அனுப்பிய 100 ரூபாயின் பரிவர்த்தனை எண்ணை மகனை விட்டு ஒரு சீட்டில் எழுதச் சொல்லி, அதைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு ஆசிரியை